பின்புற மண்ணை மூடிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்காளி விலை ஏறும்போதெல்லாம் கோயம்பேடு சந்தை நிலவரம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. 2021 நவம்பரிலும் 2023 ஜூலையிலும் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதையும், இரண்டாம் முறை சென்னையில் ரேஷன் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க நேர்ந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வரத்துக் குறைவு, லாரி வாடகை, இடைத்தரகு என்று பல காரணங்களை அப்போது பேசினோம். புறநகரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய எங்களைப் போன்றவர்கள், வீட்டைச் சுற்றி விட்டிருந்த மண்ணை என்ன செய்தோம் என்பதைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. தாம்பரத்தை அடுத்த சேலையூரில், அரை கிரவுண்டு மனையில் முப்பத்தைந்து ஆண்டுகளாக வசித்து வருகிறேன். முப்பதடி அகலமும் நாற்பதடி நீளமும் கொண்ட 1,200 சதுர அடி மனையில், முன்புறம் ஐந்தடி, பின்புறம் எட்டடி, ஒரு பக்கம் மூன்றடி விட்டு வீடு கட்டினோம். ஆகவே ஏறக்குறைய 470 சதுர அடி நிலம் கட்டடத்துக்கு வெளியே மிஞ்சியது. நாங்கள் குடிவந்த காலத்தில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் இதே அளவு மண் இருந்தது. ஒரு முருங்கையும், ஒரு கறிவேப்பிலையும், துவைக்கும் கல்லிலிருந்து ஓடும் தண்ணீரில் நாலைந்து வாழையும் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. இன்று அந்த இருபத்திரண்டு வீடுகளில் மூன்றில் மட்டுமே மண் கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற வீடுகளில் வாசற்கதவிலிருந்து பின்சுவர் வரை சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள், அல்லது பேவர் கல் பதித்திருக்கிறார்கள்.

இதில் பிறரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2006இல் நானே அதைச் செய்தேன். மழைக்காலத்தில் கால் சேறாகிறது, சருகு பெருக்கி மாளவில்லை, முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைகிறது, வேலைக்குப் போகும் காலையில் இதற்கெல்லாம் நேரம் இல்லை என்று பல காரணங்கள் இருந்தன. ஒரே நாளில் முருங்கையை வெட்டி, வாழைக் கன்றுகளைப் பிடுங்கி, கறிவேப்பிலைக்கு மட்டும் ஒன்றரை அடிச் சதுரம் விட்டுப் பின்புறம் முழுவதையும் சிமெண்ட் போட்டு மூடினோம். சுத்தமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் மகிழ்ந்தேன். அதன் பிறகு பத்து ஆண்டுகள், முன்பு கைநீட்டிப் பறித்த முருங்கைக் கீரையைக் கட்டுக் கணக்கில் காசு கொடுத்து வாங்கினேன்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பின்புறத்துத் தண்ணீர் போக வழியின்றிச் சமையலறை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. பின்புறம் மண்ணாக இருந்திருந்தால் அந்த மழை எங்களை விட்டிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட மழையை எட்டடி மண்ணால் வாங்கிக்கொள்ள முடியாது. ஆயினும் அந்த வாரம்தான் நானும் என் கணவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள 470 சதுர அடியில் மட்டும் விழும் மழை ஆண்டுக்கு அறுபதாயிரம் லிட்டருக்கு மேல் வருகிறது. மொட்டைமாடித் தண்ணீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு இறக்க வேண்டும் என்று 2003இல் சட்டம் வந்தபோது நாங்கள் ஒழுங்காகக் குழாய் போட்டவர்கள். அப்படியிருந்தும், தானாகவே மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரை மூன்றே ஆண்டுகளில் நாங்களே சிமெண்ட் போட்டுத் தடுத்து, குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தோம்.

2016 வைகாசியில் ஆள் வைத்துப் பின்புறத் தளத்தை உடைத்தோம். அடியில் இருந்ததை மண் என்று சொல்ல மனம் வரவில்லை. வீடு கட்டியபோது கொத்தனார்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டுகள், சிமெண்ட் கட்டிகள், ஓட்டுச் சில்லுகள் ஆகியவற்றோடு சரளை இறுகிக் கிடந்தது, ஒரு மண்புழுகூடத் தென்படவில்லை. ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி அதைச் சலித்து அப்புறப்படுத்தி, இரண்டு நடை செம்மண்ணும் ஒரு நடை மக்கிய சாணமும் அடித்தோம். உடனே காய் நட வேண்டும் என்று எனக்கு ஆசை. கிராமத்திலிருந்து வந்திருந்த என் பெரியப்பா மகன்தான், "அவசரப்படாதே அக்கா, முதலில் மண்ணுக்குச் சாப்பாடு போடு" என்று சொல்லி, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டின் விதையை வாங்கிவந்து நெருக்கமாகத் தூவச் செய்தார். ஆறு வாரத்தில் அது இடுப்பளவு வளர்ந்து பூவெடுக்கத் தொடங்கியதும் அப்படியே மடக்கி மண்ணுக்குள் புதைத்தோம். ஐப்பசி மழை வந்தபோது தரையில் மண்புழு உருட்டிப் போட்ட சிறு சிறு மண் உருண்டைகளைப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு குழந்தை திரும்பி வந்தது போன்ற மகிழ்ச்சி எனக்கு அன்று உண்டாயிற்று.

வண்டி நிறுத்தவும் நடக்கவும் துணி உலர்த்தவும் போக எங்களிடம் இப்போது 250 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாகப் பயிர் நிலம் இருக்கிறது. இந்த இடத்தில் என்ன விளையும் என்று கேட்பவர்களுக்கு, முதலில் முருங்கையிலிருந்துதான் தொடங்குவேன். முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்று பெரியவர்கள் சொல்வது, அதன் கீரையைத் தின்றவனுக்கு முதுமையில் ஊன்றுகோல் தேவைப்படாது என்ற பொருளில்தான். போத்து, அதாவது கிளைத் துண்டு, வைத்தும் வளர்க்கலாம், விதை போட்டும் வளர்க்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்குகிறது. சிறு மனையில் முருங்கையைக் கைவிடுவதற்குக் காரணம், அதை மரமாக வளர விடுவதே. எட்டாத உயரத்துக்குப் போன முருங்கை முறிந்து விழும், கம்பளிப்பூச்சி அடைந்தாலும் கவனிக்க முடியாது. நான் இடுப்பளவில் கவாத்து செய்து, கிளைகளைக் கைக்கெட்டும் உயரத்திலேயே வைத்திருக்கிறேன். மழைக்காலத் தொடக்கத்தில் தண்டை வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்து, பூச்சி கூட்டமாக ஒட்டியிருக்கும்போதே சோப்புக் கரைசல் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. 2006இல் இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மரத்தை வெட்டியிருக்க மாட்டேன்.

வாழைக்கு நான் தனியாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை. குளியலறைத் தண்ணீர் சிறு வாய்க்கால் வழியாக அதற்குப் போகிறது. சலவை இயந்திரத்தின் சோப்புத் தண்ணீரை மட்டும் விடுவதில்லை, அது மண்ணை இறுக்கிவிடுகிறது. ஒரு தாய்மரம், ஒரு பெரிய கன்று, ஒரு சிறிய கன்று ஆகிய மூன்றுக்கு மேல் ஒரு புதரில் விடாமல், இரண்டு புதர்களை வைத்திருக்கிறேன், ஒன்று மொந்தன், மற்றது பூவன். ஒரு மரம் குலை தள்ளி வெட்டப்படும் வரை எங்களுக்குக் கிடைப்பவை இலை, பூ, காய் அல்லது பழம், கடைசியாகத் தண்டு. இத்தனையையும் தரும் வேறொரு பயிர் இந்த அளவு இடத்தில் எனக்குத் தெரியவில்லை.

கீரையில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். வாங்கிய விதை முழுவதையும் ஒரே நாளில் தூவிவிட்டு, இருபத்தைந்தாம் நாள் அத்தனையும் ஒன்றாக முற்றி நிற்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வெறும் பாத்தியைப் பார்த்து மனம் சலித்துவிடுகிறார்கள். நாலடிக்கு மூன்றடி அளவில் நான்கு சிறு பாத்திகள் கட்டி, வாரத்துக்கு ஒன்றாக விதைத்துக்கொண்டு போனால், முதல் பாத்திச் சிறுகீரையைப் பிடுங்கி முடிக்கும்போது இரண்டாவது தயாராகிவிடும். விதை பொடியாக இருப்பதால் ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவ வேண்டும், இல்லையேல் ஒரே இடத்தில் குவிந்துவிடும். எறும்பு இழுத்துக்கொண்டு போகாமலிருக்கப் பாத்தியின் ஓரத்தில் சாம்பல் தூவி, மேலே மெல்லிய வைக்கோலைப் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளித்தால் நான்காம் நாள் முளை தெரியும். அரைக்கீரையைப் பிடுங்கக் கூடாது. தரையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மாதக்கணக்கில் தழைத்துக்கொண்டே இருக்கும்.

காலம் பார்த்து விதைப்பதும் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி எங்கள் ஊர்ப்பக்கம் வயலுக்குச் சொன்னது மட்டும் அன்று, கொல்லைக்கும் சேர்த்துச் சொன்னதே. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் கொட்டத் தொடங்குவதற்கு முன் கத்தரியும் மிளகாயும் வேர் பிடித்து நின்றுவிட வேண்டும். மழை நடுவே நட்ட நாற்று அழுகும், மழை நடுவே தூவிய கீரை விதை அடித்துக்கொண்டு போகும். பந்தல் அவரையை ஆடியில் ஊன்றினால் நாலு மாதம் வெறும் கொடியாக ஏறிக்கொண்டே இருக்கும், பூவே வராது. பொறுமை இழந்து பிடுங்கிவிட்டவர்களை நான் அறிவேன். பகல் குறுகும் கார்த்திகையில்தான் அது பூக்கத் தொடங்கும், பின்பு தை முடியும் வரை பறித்து மாளாது. புடலையும் பீர்க்கங்காயும் பின்புற ஜன்னல் கம்பியில் ஏறி மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொள்வதால், தரையில் அவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு சாண் இடம்தான். சித்திரை கடைசியில் மஞ்சள் கிழங்கு நான்கு ஊன்றிவைத்தால், பொங்கல் பானையில் கட்ட மஞ்சள் கொத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஐந்தாண்டுகளுக்கு முன் எங்களுக்குக் கிழக்கே இருந்த தனி வீடு இடிக்கப்பட்டு மூன்று மாடிக் குடியிருப்பு எழுந்தது. காலை பத்து மணி வரை எங்கள் பின்புறத்தில் பாதிக்கு மேல் இப்போது நிழல். முதலில் எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. கத்தரியும் வெண்டையும் நிழலில் நின்று காய்க்காது, அவற்றை மேற்கே மாற்றிவிட்டேன். நிழல் விழும் இடத்தில் பொன்னாங்கண்ணி, புதினா, வல்லாரை, தூதுவளை, சேம்பு, வெற்றிலைக் கொடி ஆகியவை முன்பு வெயிலில் இருந்ததைவிட நன்றாக வந்தன. பக்கத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, இனி ஒன்றும் விளையாது என்று மண்ணை மூட நினைப்பவர்கள் ஒரு முறை பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஒடித்து ஊன்றிப் பார்க்க வேண்டுகிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். வீட்டுத் தோட்டம் வைத்துக் கைவிட்டவர்கள் பூச்சியையும் தண்ணீரையும் காரணமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலான தோட்டங்கள் சமையலறையில்தான் தோற்றுப்போகின்றன. கடையில் வாங்கிச் சமைப்பவர் என்ன சமைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கான காயைத் தேடுகிறார். கொல்லையிலிருந்து சமைப்பவர் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். சிறு தோட்டம் ஒரு நாளைக்குத் தருவது இரண்டு கத்தரிக்காய், ஐந்து வெண்டைக்காய், ஒரு முருங்கைக்காய், கைப்பிடி அவரை, அரைக் கைப்பிடிக் கீரை, இவ்வளவுதான். நாலு பேருக்கு வெண்டைக்காய்ப் பொரியல் செய்ய அரைக் கிலோ வேண்டும் என்று நினைத்து, அந்த ஐந்து வெண்டைக்காயைக் குளிர்பெட்டியில் போட்டுச் சேர்த்துவைக்கிறார்கள். நாலாம் நாள் எடுத்துப் பார்த்தால் அவை நார் பிடித்தோ வாடியோ போயிருக்கின்றன. இத்தனை பாடுபட்டு இவ்வளவுதானா என்ற சலிப்பு வருவது அங்கேதான்.

நம் பழைய சமையலைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அது இந்த ஐந்து வெண்டைக்காயை நன்கு அறிந்த சமையல் என்பது விளங்கும். கதம்பச் சாம்பார், அவியல், கூட்டு, கலவைக்கீரை மசியல் ஆகியவற்றில் எந்தக் காயும் தனியாக ஒரு வேளைக்குப் போதுமான அளவில் இருக்க வேண்டியதில்லை. மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு செய்யும் ஏழுகறிக் குழம்பும், பொங்கலன்று நாட்டுக் காய்கள் எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பும், கொல்லையில் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும் மாதங்களிலேயே வருகின்றன. அவரை, பூசணி, சேம்பு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், கத்தரி, மொச்சை என்று அந்தக் குழம்பில் விழும் ஒவ்வொன்றும் ஆடியில் ஊன்றிய கைக்குத் தை மாதம் தரும் பதில். பண்டிகைச் சமையலைச் சடங்கு என்று மட்டும் நினைத்திருந்த நான், மண்ணை உடைத்துப் பயிர் செய்த பிறகுதான் அதன் பொருத்தத்தைப் புரிந்துகொண்டேன்.

ஒன்றையும் வீணாக்காத சமையலும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். பீர்க்கங்காயைக் கூட்டுக்கு நறுக்கிவிட்டு, சீவிய தோலை உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் வைத்து வதக்கித் துவையலாக அரைக்கிறோம். வாழைக்காயின் தோலையும் பொடியாக நறுக்கிப் பொரியல் செய்யலாம். வாழைப்பூவை ஆய்வது சிரமம்தான். ஒவ்வொரு பூவிலும் உள்ள கள்ளன் என்னும் வேகாத நரம்பை எடுத்து, நறுக்கியவுடன் மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும், இல்லையேல் கறுத்துவிடும். ஆனால் பருப்பு உசிலியாக இலையில் விழும்போது அந்த அரை மணி நேர உழைப்புக்கு யாரும் வருந்த மாட்டார்கள். தண்டை நறுக்கும்போது நாரை விரலில் சுற்றி எடுப்பதை என் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இப்போது அந்த வேலையை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வேலியில் தானாகப் படரும் பிரண்டையை, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் அரிப்பு இருக்காது. முடக்கத்தான் இலை தோசை மாவுக்கு, தூதுவளை ரசத்துக்கு, சுண்டைக்காய் வற்றல் குழம்புக்கு என்று, விதைக்காமலே வருபவற்றுக்கும் எங்கள் அடுப்பில் இடம் உண்டு. அடையாளம் உறுதியாகத் தெரியாத எதையும் உலையில் போடக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிஞ்சியவற்றுக்கும் வழி இருக்கிறது. சித்திரை வெயிலில் கொத்தவரங்காயையும் மணத்தக்காளியையும் சுண்டைக்காயையும் உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, நாலைந்து நாள் மாடியில் உலர்த்தினால், மழைக்காலத்தில் கீரை வராத ஐப்பசி, கார்த்திகைக்கு அவை கைகொடுக்கும். பறித்த கீரையை நறுக்குவதற்கு முன் கழுவ வேண்டும், நறுக்கிய பின் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். பதினொரு மணிக்கு அறுத்த அரைக்கீரையைப் பதினொன்றரைக்கு மண்சட்டியில் வேகவைத்து மத்தால் மசித்து, சின்ன வெங்காயமும் சீரகமும் தாளித்துப் போட்டால் போதும். நிறம் மாறாமலிருக்கச் சர்க்கரை சேர்க்கும் தந்திரமெல்லாம் மூன்று நாள் பழைய கீரைக்குத்தான் தேவைப்படும்.

இதனால் கடைக்கே போக வேண்டியதில்லை என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் வாங்கத்தான் வேண்டும். தக்காளி எங்கள் வெயிலில் மாசி வரைதான் வருகிறது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் வீட்டில் நால்வருக்கும் அந்த அளவு முழுவதையும் இந்த மண்ணால் தர முடியாது. ஆனால் வாரத்தில் நான்கு நாட்கள் கீரையும், ஆடி முதல் மாசி வரை பாதிக் காயும், ஆண்டு முழுவதும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் வீட்டிலிருந்தே வருகின்றன. விலையைவிட, எந்த மருந்தும் அடிக்காத கறிவேப்பிலை என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தாளித்துவிட்டு ஒதுக்கும் இலையாக அல்லாமல் பொடியாகவும் துவையலாகவும் நாங்கள் அதை அச்சமின்றிச் சாப்பிடுகிறோம்.

தண்ணீர்க் கவலை நியாயமானது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம், எங்கள் கிணறும் வற்றியது. அந்த ஆண்டு வெண்டையையும் கத்தரியையும் விட்டுவிட்டேன். அரிசி களைந்த கழுநீரையும் காய் கழுவிய தண்ணீரையும் வாளியில் பிடித்து, கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒரு பாத்திக் கீரை ஆகியவற்றை மட்டும் காப்பாற்றினேன். தரை முழுவதும் நாலு விரற்கடை கனத்துக்குச் சருகைப் பரப்பிவைத்திருந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றிய தண்ணீரே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. முன்பு பெருக்கி மாளவில்லை என்று நான் அலுத்துக்கொண்ட அதே சருகுதான் இது. அதே சருகோடு காய்த்தோலையும் சேர்த்துச் சிமெண்ட் வளையத்தில் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து ஈரக்குப்பை வண்டிக்குப் போவதில்லை, மலையாகக் குவியும் ஊர்க் குப்பையில் எங்கள் வீட்டுக் காய்த்தோலின் பங்கு அந்த அளவுக்கேனும் குறைகிறது.

கொசு பற்றியும் பாம்பு பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு மண்ணில் முட்டையிடுவதில்லை. தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரில், தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் மூடாத வாளியிலும்தான் பெருகுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துவிட்டால் கொல்லையால் கொசு வராது. பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது குவித்துப்போட்ட செங்கலுக்கும் மூடாத குப்பைக்கும். செங்கலை அடுக்கிவைக்காமல், புல்லை மண்டவிடாமல் இருந்தால் போதும். கழிவுநீர்த் தொட்டி பின்புறத்தில் இருக்கும் வீடுகளில் மட்டும் அதையொட்டி மரமோ வாழையோ வைக்க வேண்டாம், வேர் இறங்கிச் சுவரை வெடிக்கச் செய்துவிடும். வெள்ளை ஈக்கும் மாவுப்பூச்சிக்கும் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கிறேன். பூ உதிர்ந்தால் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிப்பதுண்டு. சில ஆண்டுகள் பூச்சி வென்றுவிடுகிறது, அப்போது செடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கீரை விதைத்துவிடுவேன்.

மாடித் தோட்டத்துக்கு எங்கள் தெருவிலும் பலர் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் பை, விதை முதலியவை அடங்கிய தொகுப்பை வாங்கியிருக்கிறார்கள். மண்ணே இல்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு அது நல்ல திட்டம். ஆனால் கீழே 470 சதுர அடி மண்ணைச் சிமெண்டால் மூடிவிட்டு, மேலே ஆறு பைகளில் தென்னைநார்க் கழிவை நிரப்பி, கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு இருமுறை தண்ணீர் சுமப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. தரையில் நட்ட செடி வேரை ஆழமாக இறக்கித் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும்.

ஆகவே எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. வீடு கட்டுபவர்கள் ஒப்பந்தக்காரரிடம் இடிபாட்டைப் பின்புறத்தில் புதைக்கக் கூடாது என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்புறத்தில் நடைபாதைக்கு மூன்றடி தவிர மற்றதை மண்ணாக விடச் சொல்லுங்கள். தோட்டக்கலைத் துறை மாடிக்கு அளிக்கும் உதவியைப் போல, மூடிய தளத்தை உடைத்து மண்ணை மீட்பவர்களுக்கும் தக்கைப்பூண்டு விதையும் மக்கிய உரமும் மானிய விலையில் அளிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் ஈரக்குப்பையிலிருந்து தயாரிக்கும் உரத்தை அந்தந்த வார்டிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். மண்ணைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.

தங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தினமும் தங்கம், வெள்ளி விலையோடு காய்கறி விலையையும் வெளியிடுகிறீர்கள். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை இதழில் கால் பத்தி அளவிலேனும், இந்த வாரம் புறநகர் வீடுகளில் எதை விதைக்கலாம், எதை அறுக்கலாம், அதைக் கொண்டு என்ன சமைக்கலாம் என்று ஒரு குறிப்பு வெளியிட்டால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பயன்படும். ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன, அதற்குள் முதல் குறிப்பு வந்துவிட்டால் நல்லது. சென்ற தையில் முற்றவிட்டு எடுத்த பந்தல் அவரை விதையைச் சாம்பலில் புரட்டி இரண்டு புட்டிகளில் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் தளத்தை உடைக்கப்போவதாகச் சொல்லியிருக்கும் இரண்டு வீட்டாருக்கும் ஒரு புட்டியைப் பங்கிட்டுக் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
சேலையூர், சென்னை.